சிவப்புக் கோடு

"உங்க தங்கச்சி சமையலைச் சாப்பிட்டும் உயிரோட இருக்கிறவன் மச்சான் நான். இந்த டைல் என்னை என்ன பண்ணிடும்?"

குளியலறைத் தரையில் குந்தியபடி மாப்பிள்ளை சிரித்தான். நெட்டையனுக்கும் சிரிப்பு வந்தது. தங்கையைக் கட்டியவன் என்பதைவிட, இத்தனை காலமும் தன்னோடு சுவர் சுவராக டைல் ஒட்டியவன் என்பதால்தான் அவன்மேல் பிரியம் அதிகம்.

"அப்படியே போய் அவகிட்ட சொல்றேன். ராத்திரிக்குப் பட்டினி கிட."

மிச்சம் ஒரே ஒரு டைல்தான். போர்சலின். ஆளைவிட உயரம், முக்கால் மூட்டை சிமெண்ட் கனம். குழாய் வருகிற இடத்துக்காக நெட்டையன் அதில் வட்டமாகத் துளை போட்டிருந்தான். கீழ் விளிம்பையும் அளவுக்கு அறுத்திருந்தான். அறுக்கும்போது தண்ணீர் விட்டதில் வெள்ளைக் குழம்பு டைல் முழுக்க வழிந்தது. பக்கத்தில் கிடந்த ஸ்பாஞ்சை எடுத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, காற்றை உறிஞ்சிப் பிடிக்கிற ரப்பர் கப்புகள் இரண்டை டைல்மேல் பதித்தான். இரண்டு பேருமாகத் தூக்கி வந்து, பசை தடவிய சுவரை ஒட்டி, மரக்கட்டைகள்மேல் நிறுத்தினார்கள்.

இனி நெட்டையன் கப்புகளின் கைப்பிடியைப் பிடித்து, துளை குழாய்க்கு நேராக வரும்வரை டைலைத் தூக்க வேண்டும். மாப்பிள்ளை கட்டைகளை உருவிவிட்டு அடியில் பிளாஸ்டிக் ஆப்புகளைச் செருக வேண்டும். பிறகு சுவரோடு அழுத்தினால் வேலை முடிந்தது.

"தூக்கட்டுமா?"

"தூக்குங்க, தூக்குங்க. இதைக்கூட வெத்தலை பாக்கு வெச்சுக் கேக்கணுமா?"

தூக்கினான். கட்டைகள் தரையில் உருண்டு போயின. மாப்பிள்ளையின் விரல்கள் டைலுக்கு அடியில் நுழைந்தன.

அப்போதுதான் நெட்டையனின் கண் வலது கப்புக்குப் போனது. கட்டைவிரலால் அழுத்துகிற குமிழ் ஒன்று அதில் உண்டு. உள்ளே காற்று புகுந்தால் குமிழ் வெளியே வரும். அதன் கழுத்தில் சிவப்புக் கோடு தெரியும்.

கோடு தெரிந்தது.

அழுத்தினான். மறைந்தது. ஒரு மூச்சு விடுவதற்குள் மறுபடி எட்டிப் பார்த்தது.

ஸ்பாஞ்சு! குழம்பில் கிடந்த ஸ்பாஞ்சை அவன் அலசவே இல்லை. அவன் துடைத்தது டைலை இல்லை. அழுக்கைத்தான் மெலிதாகப் பூசிவிட்டிருக்கிறான். காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாத மாவு. கப்பு பிடித்துக்கொண்டிருப்பது அந்த மாவைத்தான்.

இப்படியே சுவரோடு அழுத்திவிட்டால்? நெஞ்சால் தள்ளினான். குழாய் முனை முட்டியது. துளை நேருக்கு வர இன்னும் ஒரு விரல் உயரம் வேண்டும். அதற்கு மேலே இழுத்தால் கப்பு அங்கேயே கழன்றுவிடும். கீழே இறக்கவும் வழியில்லை. கீழே விரல்கள். அவற்றுக்கு மேலே, சற்றுமுன் அறுத்த விளிம்பு. அது டைல் இல்லை, கத்தி.

"மாப்ளே, கையை எடு."

"எதுக்கு?"

"எடுன்னா எடேன்."

"அதான் எதுக்குங்கறேன். ஒரு ஆப்பு பாதி நுழைஞ்சாச்சு. செருகிட்டு எடுக்கறேன், சும்மா இருங்க."

அதுதான் அவன் குணம். தாலி கட்டும்போதுகூட 'எத்தனை முடிச்சு, எதுக்கு?' என்று கேட்டிருப்பான். கத்தலாமா? கத்தினால் பதறி நிமிர்வான். தோள் டைலில் இடிக்கும். ஒரு இடி போதும்.

இடது கப்பிலும் சிவப்பு.

இரண்டு கட்டைவிரல்களாலும் மாற்றி மாற்றி அழுத்தினான். ஒன்று மறைந்தால் மற்றது முளைத்தது. வியர்வை கண்ணில் வழிந்து எரிந்தது. துடைக்க ஏது கை?

வலது காலை மெல்ல நகர்த்தினான். பழைய கேன்வாஸ் ஷூ. டைலின் அடியில், மாப்பிள்ளையின் கையை ஒட்டி அதை நுழைத்தான்.

"என்ன மச்சான், நான் கையை வெச்ச இடத்துலயே உங்க கால்? இடிக்குது, தள்ளுங்க."

"இருக்கட்டும்."

"அட, இருக்கட்டுமாம்ல…"

'ப்ளக்'.

வலது கப்பு வெறும் கப்பாகக் கையோடு வந்தது. டைலின் மூலை சரிந்து ஷூவின் முனையில் இறங்கியது. பாதத்துக்குள் ஏதோ நொறுங்கியதை நெட்டையன் காதால் கேட்டான். பல்லைக் கடித்து, நெற்றியையும் தோளையும் டைலுக்கு முட்டுக் கொடுத்தான்.

"இப்ப… எடு."

இந்த முறை 'எதுக்கு' வரவில்லை. மாப்பிள்ளை கைகளைப் பின்னால் இழுத்தான். ஷூ அமுங்கியிருப்பதைப் பார்த்தான். தவழ்ந்து போய்க் கட்டைகளைப் பொறுக்கி வந்து அடியில் திணித்தான். விளிம்பு உயர்ந்ததும் காலை வெளியே இழுத்துவிட்டான். ஷூவின் முனை சிவந்துகொண்டிருந்தது.

"பைத்தியமா உங்களுக்கு? வாயைத் திறந்து சொல்லக்கூடாதா?"

"சொன்னேனே."

மாப்பிள்ளை டைலின் முகத்தில் உள்ளங்கையைத் தேய்த்துப் பார்த்தான். வெள்ளையாக ஒட்டியது.

"நான்தான் துடைச்சேன். ஸ்பாஞ்சை அலசல" என்றான் நெட்டையன்.

"அதெல்லாம் அப்புறம். டைல் கட்டை மேல நிக்குது. விடுங்க மச்சான், ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

விட முடியவில்லை. இடது கப்பின் கைப்பிடியை இறுக்கிய கை திறக்க மறுத்தது. திறந்தால் எதன்மேலோ என்னவோ விழும் என்று அது இன்னும் நம்பிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை பக்கத்தில் வந்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தான். நெட்டையன் வேறெங்கும் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் விரல்களையே எண்ணிக்கொண்டிருந்தான்.