மேல் பொத்தான்

மேல் பொத்தான் மட்டும் துளைக்குள் போகமாட்டேன் என்றது. அத்தையின் விரல்கள் வழுக்கிக்கொண்டே இருந்தன.

"நகருங்க அத்தை, நான் போடறேன்" என்று மருமகள் குனிந்தாள்.

"வேணாம். நானே போட்டுவிடறேன்."

அந்தச் சட்டையோடு கூடத்தில் கிடந்தவன் அத்தையின் மூத்த மகன், மருமகளின் கணவன். வீட்டில் அவனுக்கு மீன்குஞ்சு என்று பெயர். வாளித் தண்ணீரைக் கண்டாலும் தலையை முக்கிப் பார்ப்பான். அப்பேர்ப்பட்டவன் ஆசை ஆசையாகக் கடலடியில் முக்குளிக்கும் ஸ்கூபா உடுப்பு மாட்டிக்கொண்டு கடலில் இறங்கினான். மேலே வந்தவன் படகிலேயே நினைவு தப்பி விழுந்தான். நேற்று மாலை ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டது.

சட்டை மருமகள் தைத்தது. தையல் கடை வைத்திருப்பவள் அவள். கல்யாணமான நாளிலிருந்து அவனுக்குக் கழுத்தை மூடும் காலர்தான். நடு மார்பில் மேலிருந்து கீழாக ஒரு தழும்பு இருந்தது. "சின்ன வயசுல கண்ணாடிக் கதவுல முட்டிக்கிட்டான்" என்பார் அத்தை. அவனும் அதையேதான் சொல்வான். கண்ணாடி எங்கேயாவது நூல் பிடித்த மாதிரி நேராகக் கிழிக்குமா? நாள் முழுக்கத் துணி வெட்டுகிறவளுக்கு அது உறைக்கவே இல்லை, பாருங்கள்!

வாசலில் கொழுந்தன் கத்திக்கொண்டிருந்தான். "எங்க அண்ணனக் கொன்னுட்டு துக்கம் விசாரிக்க வேற வர்றியா? உன் டைவிங் கடைய இழுத்து மூடாம விடமாட்டேன்!"

எதிரே தலைகுனிந்து நின்றவர் முக்குளிக்கக் கற்றுக்கொடுத்தவர். பாவம், கடலில் இறக்கும் முன் அவர் கேட்காமலா விட்டார்? "இதயத்துல ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கா?" என்று கேட்டார். தழும்பைப் பார்த்துவிட்டு மறுபடியும் கேட்டார். "ஐயோ, அது கண்ணாடி கிழிச்சதுங்க" என்று முந்திக்கொண்டு சிரித்தவள் மருமகள்தான்.

டாக்டர் சொன்னதை அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. "பொறக்கும்போதே இதயத்துல ஓட்டை. சின்ன வயசுல தெச்சிருக்காங்க, ஆனா கொஞ்சம் கசிவு மிச்சம் இருந்திருக்கு. மேல வரும்போது ரத்தத்துல உண்டான குமிழி அது வழியா மூளைக்குப் போயிடுச்சு. இந்த மாதிரி ஆபரேஷன் ஆனவங்கள்ல சிலர் இறங்கலாம், சிலர் இறங்கவே கூடாது. முதல்ல பரிசோதிச்சுப் பாக்கணும். உங்களுக்குத் தெரியாதா?"

கொழுந்தன் உள்ளே எட்டிப் பார்த்தான். "அம்மா, போலீஸுக்குப் போறேன். அண்ணன் உடம்புல ஒரு குறையும் இல்லன்னு நீ சொன்னாப் போதும்." பதிலுக்குக் காத்திராமல் திரும்பிப் போனான்.

"அத்தை, டாக்டர் எல்லாம் சொல்லிட்டார்" என்றாள் அவள் தணிந்த குரலில்.

அத்தையின் கை பொத்தான்மேல் அப்படியே நின்றது.

"உங்க பிள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. பால் மணம் மாறாத வயசு. சின்னவன் அப்போ பொறக்கவே இல்ல. மார்ல கத்தி வெச்ச புள்ளன்னா எவன் வெளையாட சேத்துப்பான்? யார் பொண்ணு குடுப்பா? ஓடியாடி நல்லாத்தானே இருந்தான்..."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று கத்த வாயெடுத்தாள். அத்தையின் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டாள்.

வெளியே யாரோ "விடுப்பா, சட்டைய விடு" என்று விலக்கும் சத்தம் கேட்டது.

"டைவிங் சொல்லிக்குடுத்தவர் மேல தப்பில்ல அத்தை" என்றாள்.

அத்தை ஒருவழியாகப் பொத்தானைப் போட்டு முடித்து, காலரை நீவிவிட்டார். நெடுநேரம் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு வாசல் பக்கம் திரும்பினார். "சின்னவனே, உள்ள வா. அவரையும் கூட்டிட்டு வா."

இருவரும் வந்து நின்றார்கள். போட்ட பொத்தானை அத்தையே கழற்றப் போனார். விரல்கள் மறுபடியும் வழுக்கின. மருமகள் குனிந்தாள். இந்த முறை அத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றி, அந்த நேரான தழும்பு தெரியச் சட்டையை இரண்டு பக்கமும் விலக்கிப் பிடித்துக்கொண்டாள்.