விதைச் சேவல்

மண்ணூர்பேட்டை முனீஸ்வரனுக்கு நான்தான் பூசாரி. பெயர் கோவிந்தன். எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும் என்று ஊரே சொல்லும். அப்பேர்ப்பட்ட நான் ஒரு பெண்பிள்ளையிடம் தோற்றுப்போனேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அவள் சொர்ணம், கோயிலுக்குப் பின்வீடு. அவள் புருஷன் அய்யாசாமிக்கு எஸ்டேட் தொழிற்சாலையில் வேலை கிடைத்தால், வருஷா வருஷம் ஆடியில் வீட்டில் வளர்ந்த, மச்சமே இல்லாத கருஞ்சேவல் ஒன்று தருவதாக மாமியார் பொன்னம்மாள் வேண்டிக்கொண்டாள். அறுபத்தாறில் வேலை கிடைத்தது. முதல் இரண்டு மூன்று சேவல்கள் அண்டங்காக்காய்க் கறுப்பு. பிறகு கழுத்தில் சிவப்பு எட்டிப் பார்த்தது. இறக்கையில் வெள்ளை விழுந்தது. எழுபத்திரண்டில் வந்ததைக் கறுப்பு என்று சொல்ல முனீஸ்வரனே கண்ணை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அதே மாதம் தகடு அடிக்கும் பிரஸ் மிஷினில் அய்யாசாமியின் ஆள்காட்டி விரல் பாதி போய்விட்டது.

"மச்சம் உள்ளதைக் குடுத்த கொறைதான்" என்று பொன்னம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். நானும் ஆமாம் போட்டேன்.

சொர்ணம் கோழிக்கூண்டின் முன்னால் போய் உட்கார்ந்தாள். அவளிடம் இரண்டு கறுப்புப் பெட்டைகள் இருந்தன. எந்தக் குஞ்சு எதனுடையது என்று தெரிய, பழைய புடவைக் கரையில் நூல் உருவி, ஒன்றின் குஞ்சுகளுக்குச் சிவப்பும் இன்னொன்றின் குஞ்சுகளுக்குப் பச்சையும் காலில் கட்டினாள். குஞ்சுகளின் வயிறு வெளுத்திருந்தது. "இதுவா கறுப்பு?" என்று சிரித்தேன்.

"மூணு மாசம் போவட்டும் அண்ணாத்தே."

மூன்றாம் மாதம் வயிறு கறுத்தது. ஆனால் சிவப்போ வெள்ளையோ எட்டிப் பார்க்காமல் தேறிய சேவல் ஒன்றே ஒன்றுதான், பச்சை நூல் கட்டியது. இறக்கையை விரித்துப் பார்த்தேன், வாலைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு மச்சம் இல்லை. வெயிலில் அந்தக் கறுப்பின் மேல் பச்சை ஓடியது.

"இத்த சாமிக்குத் தரமாட்டேன்" என்றாள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்! "இன்னாம்மே சொல்ற? வெரல் போனது பத்தலையா? கையே போவணுமா?"

"ஏழு வருஷமா இருக்கறதுல நல்ல சேவலா பாத்து ஒன் கத்திக்குக் குடுத்தோம். மிஞ்சின மச்சக்காரனைப் பெட்டையோட வுட்டோம். அப்பன் மாரிதான புள்ள வரும்? வெத நெல்லை எவனாச்சும் பொங்கித் துன்னுவானா?"

அவள் சொன்னது உறைத்ததால் இன்னும் கத்தினேன். எத்தனையோ வீட்டுச் சேவலை அறுத்தவன் நான், இது என் மண்டைக்கு எட்டவே இல்லையே!

ஆடி ஞாயிறு. பொன்னம்மாள் விடவில்லை, சேவல் வந்துவிட்டது. சொர்ணம்தான் மடியில் அணைத்துக்கொண்டு வந்தாள். எங்கள் கோயிலில் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்ததும் சேவல் உடம்பைச் சிலிர்க்க வேண்டும். சிலிர்த்தால்தான் சாமி உத்தரவு. இல்லாவிட்டால் கத்தி எடுக்கக் கூடாது.

தெளித்தேன். சிலிர்க்கவில்லை. இரண்டாம் முறையும் இல்லை. மூன்றாவது முறை குனிந்தபோது விளக்கெண்ணெய் வாசனை அடித்தது. தலையிலும் கழுத்திலும் எண்ணெய் நன்றாக இறங்கியிருந்தது. தண்ணீர் தோலில் இறங்காமல் வழிந்து ஓடியது. நிமிர்ந்து சொர்ணத்தைப் பார்த்தேன். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"சாமிக்கு இந்த வருஷம் தேங்காய் போதுமாம்" என்று சத்தமாகச் சொன்னேன்.

அதன் பிறகு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஷிப்ட் முடிந்து அய்யாசாமி சைக்கிளில் வரும்போதெல்லாம் அவன் முகத்தைப் பார்க்கமாட்டேன், ஹேண்டில்பாரைப் பார்ப்பேன். ஒன்பதரை விரலும் இருந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

அடுத்த ஆடியில் சொர்ணம் ஒரு கூடையோடு வந்தாள். உள்ளே மூன்று சேவல்கள். மூன்றும் கரி.

"பதினோரு குஞ்சுல ஒம்போது மச்சமில்லாம வந்துது. ஒனக்குப் புடிச்சத எடுத்துக்கோ."

"போன வருசத்துப் பெரியவன் எங்க?"

"ஊட்ல கீறான். அவன் மவன்ல நல்லவன் ஒருத்தனும் அங்கதான் கீறான். வெதைக்குப் போவ மீதிதான் சாமிக்கு."

நாலெழுத்து படிக்காதவள். அவள் மூளைக்கு நான் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன், கையில் மஞ்சள் தண்ணீர் இருந்தது. ஒரு சேவலை எடுத்து நிறுத்தி, மெல்லக் குனிந்தேன்.

"மோந்து பாக்காத அண்ணாத்தே" என்றாள் என் காதோரம். "இன்னிக்கு எண்ணெ தடவல."

தெளித்தேன். சேவல் சிலிர்த்த சிலிர்ப்பில் என் முகமெல்லாம் மஞ்சள் தண்ணீர். துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். எதிரே அய்யாசாமி, ஒன்பதரை விரலையும் கூப்பிக் கும்பிட்டுக்கொண்டு நின்றான்.