வாசலில் நின்றவர்கள்

அடுப்பில் பால் பொங்கி வழிந்தும் குமுதினி திரும்பிப் பார்க்கவில்லை. போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள். ரொறன்ரோவில் அவள் மகன் கஜீவனைப் பொலிஸ் பிடித்து மூன்று நாளாகிறது. பேசியது அவனுடைய வக்கீல் ஷாந்தன்.

"அன்ரி, பொலிஸிட்ட வீட்டைச் சோதிக்கிற வாரண்ட் இல்லை. ஆரும் கூப்பிடாமல் வீட்டுக்குள்ள வந்திருந்தால், எடுத்த லாப்டாப்பைச் சாட்சியாச் சேர்க்கக் கூடாது எண்டு கோர்ட்டில கேக்கலாம். அது இல்லாட்டி அவையின்ர கேஸ் ஆட்டம் கண்டிடும்."

குமுதினி அப்போதுதான் அடுப்பை அணைத்தாள்.

"ஆனால் ஆரும் உள்ளுக்குக் கூப்பிட்டு வந்தவையெண்டால் கஷ்டம். உங்கட மருமகள் நிருஜா, ஆரோ போனில சொல்லித்தான் அவையளை உள்ளுக்குக் கூப்பிட்டவவாம். ஆரெண்டு சொல்லுறா இல்லை."

அன்று நிருஜா போனில், "பொலிஸ் வாசல்ல வந்து நிக்குது மாமி, என்ன செய்ய?" என்று குமுதினியிடம்தான் கேட்டாள். வீடு தேடி வந்தவர்களை வாசலில் நிற்க வைப்பார்களா? பொலிஸ் என்றால் மட்டும் மரியாதை வேண்டாமா?

"உள்ளுக்குக் கூப்பிட்டு இருத்து பிள்ளை. தேத்தண்ணி குடு," என்றிருந்தாள் அவள்.

"அன்ரி, ஆரெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

மருமகள் மூன்று நாளாக அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. "நான்தான் தம்பி," என்றாள் குமுதினி.