நினைவுமலருக்கு ஒரு வரி

காலையில் எழுந்து கிணற்றடியில் முகம் கழுவுவேன். தேத்தண்ணீர் வைப்பேன். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒரு கையால் பெடலைச் சுற்றுவேன். டைனமோவில் றேடியோ வேலை செய்யும். மின்சாரம் இல்லை, பற்றரியும் வருவதில்லை. செய்தி முடிந்ததும் சைக்கிளை நிமிர்த்துவேன்.

அன்றும் அப்படித்தான். பிறகு யசிந்தாவின் நினைவுமலரை எழுத உட்கார்ந்தேன். என் மனைவி. முப்பத்தோராம் நாள் பூசைக்கு அச்சடிக்க வேண்டும். அவள் எப்படி இறந்தாள் என்ற பந்தி மட்டும் எழுத மிச்சம்.

அவள் இறந்த அன்று, கொழும்புத்துறையில் முகாம் ஒன்று தாக்கப்பட்டதாக றேடியோ சொல்லியிருந்தது. அந்த 'முகாம்' எங்கள் வீட்டுச் சமையல் குசினி. கோடு போட்ட கொப்பித்தாளில் அச்சாகும் இங்குள்ள பேப்பர், "யேசுவே" என்று கூவியபடி அவள் விழுந்ததாக எழுதியது. அவளுடைய தாய் லூர்த்தம்மாவும் அதையே சொன்னார். குண்டு விழுந்தபோது மாமி குருநகரில், தங்கை வீட்டில்.

"உங்களுக்கு ஆர் சொன்னது, மாமி?"

"ஏன், பேப்பரிலை கிடக்குது."

"பேப்பருக்கு ஆர் சொன்னது?"

"நான்தான். சனம் கதைச்சதைச் சொன்னனான்."

பேனையை எடுத்து அதைக் குறித்தேன்.

"கம்பஸிலை படிச்சதுக்கு, செத்தவீட்டிலையும் சோதினை வைக்கிறீங்களோ?" என்றார். பிறகு குரல் இறங்கியது. "சாகேக்கை சுவாமி வந்து பூசிற அவஸ்தைப்பூசுதல் இல்லாமல் போயிட்டாள், தம்பி. ஆண்டவரைக் கூப்பிட்டவள் எண்ட அந்த ஒரு சொல்லாவது இருக்கட்டும்."

பல்கலைக்கழகத்தில் நான் படித்தது வரலாறு. சொன்னவர் அப்போது எங்கே நின்றார் என்பதுதான் அங்கே முதல் கேள்வி. அவள் பக்கத்தில் நின்றவர் ஒருவர்தான்: அடுத்த வீட்டு ஸ்ரெல்லா அக்கா. அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை.

ஸ்ரெல்லா அக்கா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

"'யேசுவே' எண்டு கத்தினது நான், தம்பி. சனம் அதை அவளின்ரை வாயிலை போட்டிட்டுது. அவளின்ரை தாய்க்கு, உங்கடை மாமிக்கு, ஆறுதலாய் இருக்கட்டும் எண்டு பேசாமல் விட்டிட்டன்."

"அவள்?"

"பங்கர்க் குழி வாசல்வரைக்கும் என்னோடை வந்தவள். பிறகு திரும்பிப் போனவள்."

போகும்போது அவள் சொன்னதையும் சொன்னார். இன்னொரு தரம் கேட்டேன். அதே சொற்கள்.

வீட்டுக்கு வந்தேன். மாமியின் கையில் செபமாலை நின்றது.

"ஆண்டவரைக் கூப்பிட்டவளோ?"

"இல்லை, மாமி."

"அப்ப என்ன சொன்னவள்?"

சொன்னேன்.

"சோறு குழையப்போகுது, அக்கா. வடிச்சுப்போட்டு ஓடி வாறன்."