கர்த்தர் பாத்துப்பாரு

அந்த வார்த்தையைக் கேட்டாலே தபீதாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதற்கெடுத்தாலும் அவள் கணவன் ஏசுதாசன் "கர்த்தர் பாத்துப்பாரு" என்பான். தாம்பரம் ரயில்வே ஷெட்டில் பிட்டர் வேலை. வீட்டுக்கு வந்து கைகால் கழுவி வேதத்தைத் திறந்துவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் குரலை உயர்த்தாத மனிதன்.

இடி விழுந்தது அவர்கள் வீட்டிலேயேதான். பிளஸ் ஒன் படிக்கிற ஒரே மகன் தாவீது, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு சிட்டிபாபுவின் ஆபீசே கதி என்று கிடந்தான். தொண்ணூறுகளின் தொடக்கம். தாம்பரத்தைச் சுற்றியிருந்த வயலெல்லாம் மனைகளாகிக்கொண்டிருந்தன. மனை புரோக்கரான சிட்டிபாபு, தகராறுள்ள இடங்களில் பையன்களைக் கொண்டுபோய் நிறுத்துவான். அவர்கள் கட்டையோடு சும்மா நின்றாலே போதும், சொந்தக்காரர்கள் பயந்து கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவார்கள். பையன்களுக்குப் பிரியாணியும் பைக் சவாரியும் கிடைத்தன.

"நீ இன்னாயா மனுசன்? புள்ள ரவுடியா போய்க்கினு கீறான், நீ ஜெபம் பண்ணிக்கினு கீற!"

"திட்டினா இன்னும் தூரமாப் போவான் தபீதா. கர்த்தர்..."

"பாத்துப்பாரு! இத்தினி நாளா பாத்துக்கினுதான கீறாரு?"

சொன்ன பிறகு அவளுக்கே திக்கென்றது. ஆனாலும் வாயைப் பொத்திக்கொள்ளவில்லை.

அவளே கிளம்பிப் போனாள். மார்க்கெட் தெருவில் இருந்த ஆபீஸ் வாசலில், அத்தனை பேருக்கும் முன்னால் தாவீதின் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் உதறினான்.

"மானத்த வாங்காத. வூட்டுக்குப் போம்மா."

பையன்கள் சிரித்தார்கள். சிட்டிபாபு நாற்காலியை விட்டு எழாமலே, "அக்கா, புள்ள எங்கிட்ட பத்திரமா கீறான்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவளுக்குப் பாட்டு வரவில்லை. 'உம்மை நம்பித்தானே பெத்தேன், உம்மை நம்பித்தானே வளத்தேன். இப்ப நான் இன்னாதான் பண்றது?' இதைத் தவிர வேறு ஜெபமும் வரவில்லை. பதிலும் வரவில்லை.

ஒரு நாள் அவள் தையல் வேலை பார்த்த எக்ஸ்போர்ட் கம்பெனியில் கரண்ட் போய், சாயங்காலத்துக்கு முன்பே விட்டுவிட்டார்கள். மார்க்கெட் வழியாக வந்தவள் அப்படியே நின்றாள். சிட்டிபாபு ஆபீசுக்கு எதிரே, டீக்கடை பெஞ்சில் ஏசுதாசன் உட்கார்ந்திருந்தான். ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுப் போன மனிதன்.

"இங்க இன்னா பண்ற?"

அவன் தலையைக் குனிந்தான். "டெய்லி வருவேன். கூப்ட்டா வரமாட்டான். எங்கனா அடிபட்டான்னா தூக்க ஆள் வேணும்ல."

"இத எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?" கோபத்தில் அவளுக்குக் கண் கலங்கியது. "நான் ஒருத்தியா கெடந்து சாவறனே!"

அவன் பதில் சொல்வதற்குள் ஒரு வேன் வந்து நின்றது. மனையைப் பறிகொடுத்த யாரோ அனுப்பிய ஆட்கள். கையில் உருட்டுக்கட்டைகளோடு இறங்கி ஆபீசுக்குள் புகுந்தார்கள். சிட்டிபாபு பின்பக்கமாக ஓடிவிட்டான். பையன்கள் சிதறினார்கள். நெற்றி பிளந்து, கண்ணில் ரத்தம் வழிய, வழி தெரியாமல் தெருவில் தடுமாறினான் தாவீது.

ஏசுதாசன் ஓடியதை அவள் அன்றுதான் பார்த்தாள். மகனைக் கட்டிப்பிடித்துக் குனிந்துகொண்டான். அடுத்த அடி அவன் தோளில் விழுந்தது. தபீதாள் போட்ட கூச்சலில் கடைக்காரர்கள் திரண்டு வர, அந்த ஆட்கள் வேனில் ஏறிப் பறந்தார்கள்.

நெற்றியில் தையலோடு வீடு வந்த தாவீது, அப்பனுக்குத் தோளைத் தூக்க முடியாததைப் பார்த்து, சாப்பாட்டுத் தட்டை அவன் பக்கமாக நகர்த்தி வைத்தான்.

இரண்டு நாள் கழித்து சிட்டிபாபுவின் ஆள் வாசலில் வந்து கூப்பிட்டான். ஏசுதாசன் எழுந்து போனான்.

"தாவீது வரமாட்டான். இனிமே இந்தப் பக்கம் வராத" என்றான். குரல் தெரு முழுக்கக் கேட்டது.

உள்ளே தாவீது அசையாமல் உட்கார்ந்திருந்தான். எழுந்து போகவில்லை. அன்றைக்கு அதுவே அவளுக்குப் பெரிதாக இருந்தது.

திங்கட்கிழமை அவன் பள்ளிக்கூடம் கிளம்பினான். பாதி வழியில் எங்கே திரும்புவானோ, யாருக்குத் தெரியும்? கூடவே போக முடியாது. "ஆண்டவரே, நான் இங்கதான் நிக்க முடியும், நீர் கூடப் போம்" என்று முணுமுணுத்தபடி, அவன் முனை திரும்பும்வரை தபீதாள் வாசலில் நின்றாள். எரிச்சலும் பயமும் போகவில்லை. அவள் ஏறவேண்டிய கம்பெனி பஸ்தான் போய்விட்டது.