கப்டன் வீட்மர் தெரு

சுவிஸில் ஆரா நகருக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பத்மநாதன் கோப்பை கழுவிய உணவகமும், அதன் மேல்மாடியில் அவன் தங்கிய அறையும் கப்டன் வீட்மர் தெருவில் இருந்தன. வீட்மர் அந்த ஊர்க்காரர். நூறு வருடத்துக்கும் முன்னர் அமெரிக்கா போய், அடிமைகளை விடமாட்டோம் என்று போரிட்ட தென்மாநிலப் படையில் கப்டனாக இருந்தவர். திரும்பி வந்து ஊருக்குப் பள்ளிக்கூடம் கட்டிக்கொடுத்தார். 1987 பெப்ரவரியில், அந்தப் பெயரை எடுக்க வேண்டுமென்று திருமதி கெல்லர் என்ற ஆசிரியை மனுக் கொடுத்தார். வாக்கெடுப்புக்கு முன் கதைத்துப் பார்க்க, உணவக மண்டபத்திலேயே கூட்டம் வைத்தார்கள்.

அதே வாரந்தான் யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா யோகாம்பாளின் கடிதம் வந்திருந்தது. அவர்களுடைய ஒழுங்கைக்கு, ஆயுதமேந்திய இயக்கம் புதுப் பெயர்ப்பலகை நட்டிருந்தது. சண்டையில் செத்துப்போன ஒரு பெடியனின் பெயர். போன வருடம் தம்பியை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போய்ச் சுட்டவன் அவன்தான். 'சந்தைக்குப் போகேக்கை நிலத்தைப் பாத்துக்கொண்டு நடக்கிறன்' என்று அக்கா எழுதியிருந்தாள். அதை வாசித்ததிலிருந்து பத்மநாதனால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. இரண்டு நாளில் மூன்று கோப்பைகள் உடைந்தன.

கூட்டத்தில் இறைச்சிக்கடைக்காரர் எழுந்தார். "செத்து எத்தனையோ வருடமான மனிதர். ஒரு பெயர்ப்பலகையால் யாருக்கு நோகப்போகிறது?"

பத்மநாதன் கிளாஸ் தட்டை மேசையில் வைத்தான். தனக்குத் தெரிந்த கொஞ்ச ஜெர்மனில் சொன்னான். "எங்கள் ஊரிலும் தெரு. என் தம்பியைக் கொன்றவன் பெயர். என் அக்கா ஒவ்வொரு நாளும் அதால் நடக்கிறாள். அவளுக்கு நோகிறது."

தட்டை எடுத்துக்கொண்டு அவன் குசினிக்குள் போய்விட்டான்.

மூன்றாம் நாள் உள்ளூர்ப் பத்திரிகையில் அவன் சொன்னது அவன் பெயரோடு வந்தது. சனிக்கிழமை யேசுதாசன் அறைக்கு வந்தான். அகதி விண்ணப்பத்துக்கு மொழிபெயர்த்து உதவியவன். இப்போது இயக்கத்துக்கு வேலை செய்பவன். கதிரையில் இருக்காமல் கதவடியிலேயே நின்றான்.

"அண்ணை, பேப்பர்காரன் பிழையா எழுதிப்போட்டான் எண்டு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ."

"அவன் பிழையா எழுதேல்லை. நான் சொன்னதைத்தான் எழுதினவன்."

"அக்கா இன்னும் அந்த ஒழுங்கையிலதானே இருக்கிறா?"

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றான் பத்மநாதன்.

யோசிக்கவில்லை. யேசுதாசன் பஸ் ஏறியதைப் பார்த்துவிட்டு ஆராவுக்கு ஓடி, அக்காவுக்குத் தந்தி அடித்தான்: உடனே கொழும்புக்குப் போ, சந்திரமதி வீட்டில் நில். சந்திரமதி அவர்களுடைய மச்சாள். கடிதம் கேட்டு யேசுதாசன் இரண்டு முறை ஆளனுப்பினான். வேலை, நேரமில்லை என்று சொல்லி அனுப்பினான் பத்மநாதன். தபால்காரரைக் காணும்போதெல்லாம் படியிறங்கி ஓடினான். இதற்கிடையில் வாக்கெடுப்பு நடந்தது. நூற்றுப் பன்னிரண்டுக்கு எழுபத்துநாலு. பெயர் அப்படியே இருந்தது. திருமதி கெல்லர் குசினி வாசலில் வந்து அதைச் சொன்னபோது, அவன் பாதிதான் கேட்டான்.

தந்தி அடித்துப் பன்னிரண்டாம் நாள் உணவகத்துக்குத் தொலைபேசி வந்தது. அக்கா கொழும்பிலிருந்து கதைத்தாள்.

"வீட்டைப் பூட்டிப்போட்டு வந்திட்டன். இப்ப சொல்லு, என்ன செய்தனீ?"

அவன் சொன்னான். மண்டபம், பத்திரிகை, யேசுதாசன் எல்லாவற்றையும். ஏசப்போகிறாள் என்று காத்திருந்தான்.

"எத்தினை பேர் இருந்தவை?"

"நூறு பேருக்கு மேலை."

"தம்பீன்ரை பெயரைச் சொன்னனியோ?"

"இல்லை அக்கா. தம்பி எண்டு மட்டுந்தான் சொன்னனான்."

"பெயரையும் சொல்லியிருக்கலாம்" என்றாள்.