நெமேசியாவின் மூடி

என் புருஷன் ஒக்தாவியோ எங்கள் வீட்டுக் குண்டானைக் கையில் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனதை மேடே பார்த்தது. பார்த்து மெச்சியது. அந்த மெச்சல்தான் எனக்கு எமனாக வந்தது.

லிமா நகரம் ஓய்ந்து மணல் தொடங்கும் இடத்தில், சரிவு முழுக்கப் பலகை வீடுகளாக ஒட்டிக்கொண்டிருப்பது எங்கள் மேடு. இங்கே வீட்டுக்கு வீடு உலை வைக்கிற வழக்கம் இல்லை. கட்டுப்படியாகாது. கீழே பொதுச் சமையலறையில் பெண்கள் முறை வைத்து எல்லோருக்குமாகச் சமைப்போம். காலையில் அவரவர் குண்டானைப் பெஞ்சில் வைத்துவிட்டு வேலைக்குப் போவோம். வீட்டில் எத்தனை வாயோ அத்தனை அகப்பை ஊற்றி வைத்திருப்பார்கள், மத்தியானம் எடுத்துக்கொள்ளலாம். ஒரு வீட்டுக் குண்டான் வரவில்லையென்றால் இரண்டு பெண்கள் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தாக வேண்டும். லூசிலா என்பவளைத் தாமதமாகப் போய்ப் பார்த்த பிறகு போட்ட சட்டம் அது.

விசிலும் அவள் செத்த பிறகு வந்ததுதான். ஒவ்வொரு வீட்டிலும் கதவுப் பக்கம் ஆணியில் ஒன்று தொங்கும், வெளியே போகையில் கழுத்தில் மாட்டிக்கொள்வோம். புருஷன் கையால் அடி விழுந்தால் ஊத வேண்டும். காதில் விழுந்தவளெல்லாம் தன் விசிலை ஊதிக்கொண்டே ஓடி வர வேண்டும். வந்து யாரும் அவனை அடிக்கப் போவதில்லை, சும்மா சுற்றி நிற்பார்கள். அப்படி நிற்பதே போதும், முக்கால்வாசி ஆண்கள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

ஒக்தாவியோ முதலில் ஆணியிலிருந்து விசிலை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தான். எதற்கு அடித்தான் என்று கேட்காதீர்கள். சொன்னால் அது ஒரு காரணம் மாதிரி ஆகிவிடும்.

விடிந்ததும் என் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். அவனுக்கே திருப்தியில்லை. "இந்த மூஞ்சி ஆறுற வரைக்கும் நீ வெளிய வர வேணாம்" என்றான். ரேடியோவைச் சத்தமாக வைத்தான். குண்டானை எடுத்துக்கொண்டு, கதவை வெளியே பூட்டிவிட்டு ஆட்டோ ஓட்டப் போய்விட்டான். அவன் மலைப்பக்கத்து ஆள். ரேடியோவில் அந்தப் பக்கத்துப் பாட்டாகவே ஓடிக்கொண்டிருந்தது, யாரோ யாரையோ பிரிந்து அழுதுகொண்டே இருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்து கூரைத் தகரத்தில் இருந்த ஆணி ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் அவன் குண்டான் நிறையப் பருப்புக் குழம்போடு வந்தான். மேலே பெரிய இறைச்சித் துண்டு ஒன்று கிடந்தது.

"உனக்குக் காய்ச்சல்னு சொன்னேன். சாத்துக்கா அக்கா என்னைப் பாத்து என்ன சொன்னாங்க தெரியுமா? இந்த மேட்டுல பொண்டாட்டிக்காகக் குண்டான் தூக்குற ஒரே ஆம்பள நீதான்டான்னாங்க" என்றான். அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "கூட ஒரு துண்டு கறி வேற."

சாத்துக்கா அக்கா எங்கள் சமையலறைத் தலைவி. யாருக்கும் கூட ஒரு உருளைக்கிழங்கு போடாதவள். அவளே போட்டிருக்கிறாள் என்றால் ஒக்தாவியோ எவ்வளவு பணிவாக நின்றிருப்பான் என்று பாருங்கள். குண்டான் வந்துவிட்டது, ஆகவே வீட்டில் எல்லாம் நலம். அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய, சட்டம் அப்படித்தானே இருந்தது. அந்தக் கறியை அவன்தான் தின்றான். என்னால் மெல்ல முடியாது.

மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாள் குண்டான் பிடியில் மூலிகைக் கட்டு ஒன்று நூலால் கட்டியிருந்தது, காய்ச்சலுக்குக் கஷாயம் வைத்துக் குடிக்க. யார் கட்டினார்களோ. முகர்ந்து பார்த்தேன், வாசம் தெரியவில்லை. மூக்கு அடைத்திருந்தது.

"ஏன் கத்தலே?" என்று பின்னால் போலீஸ் நிலையத்தில் கேட்டார்கள். நல்ல கேள்விதான், சொகுசாக நாற்காலியில் உட்கார்ந்து கேட்க. கத்தினால் ரேடியோவைத் தாண்டிப் போகாது. போனாலும், யாராவது வருவார்கள் என்று நினைக்கிற ஒருத்தி எனக்குள் இருக்க வேண்டும், கத்துவதற்கு. அந்த ஒருத்தி அப்போது இல்லை. கை இருந்தது, கால் இருந்தது, தாடை வலித்தது. அவ்வளவுதான் நான்.

ஆனால் அந்த மூலிகைக் கட்டைப் பார்த்தபோது ஒன்று தோன்றியது. இந்த வீட்டிலிருந்து தினம் வெளியே போய் வருவது இந்தக் குண்டான் ஒன்றுதான்.

ஒக்தாவியோ மடையன் அல்ல. குண்டானைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, உள்ளே கையை விட்டுத் தடவிவிட்டுத்தான் எடுத்துப் போவான். சீட்டு எழுதிப் போட வழியில்லை. எனக்கு எழுதவும் அவ்வளவாக வராது. அப்போதுதான் கட்டிலுக்கடியில் கிடந்த நெமேசியாவின் மூடி நினைவுக்கு வந்தது.

நெமேசியாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் மேட்டில் அவளோடு சண்டை போடாத ஆள், நேற்றுக் குடிவந்த ஆளாகத்தான் இருக்கும். மேட்டின் ஆண்டு விழாவில் குண்டான்களெல்லாம் கலந்து அவளுடைய மூடி காணாமல் போயிற்று. விளிம்பில் ஒரு நெளிவு உள்ள அலுமினிய மூடி. தன் கொழுந்தன் மண்டையில் அதால் ஒரு போடு போட்டதில் விழுந்த நெளிவு, அதனால் அவளுக்கு அது நகை மாதிரி. எல்லோர் முன்னாலும் என்னைத் திருடி என்றாள். நான் அவள் வம்சத்தையே இழுத்துப் பேசினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், மூடி என்னிடம்தான் இருந்தது. அதன்பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுப்பது? கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். அன்றுவரை பெஞ்சில் வரிசையாக இருக்கும் குண்டான்களில் அவள் மூடியைத் தேடாத காலை கிடையாது.

எனக்குக் காய்ச்சல் என்றால் நெமேசியா வரமாட்டாள். செத்தேன் என்றாலும் யோசிப்பாள். மூடி என்றால் வருவாள்.

விடிகாலையில் குண்டானைக் கழுவி அந்த மூடியைப் போட்டு வைத்தேன். ஒக்தாவியோ மூடியைத் தூக்கினான், உள்ளே பார்த்தான், தடவினான், திரும்ப மூடினான். அவனுக்கு மூடி என்றால் மூடி. பூட்டிக்கொண்டு போனான். நான் கட்டிலில் உட்கார்ந்தேன். நெஞ்சு படபடத்திருக்க வேண்டும். ஒன்றும் படபடக்கவில்லை. வந்தால் வரட்டும் என்றிருந்தது.

வெயில் ஏறுவதற்குள் ரேடியோவையும் மீறி அவள் குரல் வந்தது.

"அடியே ஆசுன்தா! வெளிய வாடி திருட்டு முண்ட! ஒரு வருஷமா என் மூடிய ஒளிச்சு வச்சுக்கிட்டு, இப்ப காய்ச்சல்னு படுத்தா விட்டுருவேனா? யாருடி திருடி இப்ப? சொல்லுடி!"

கதவை உதைத்தாள். பூட்டு ஆடியது.

"பூட்டு வேற தொங்குது! உள்ளார பாட்டு, வெளிய பூட்டு! யாருகிட்ட வேஷம் போடுற? உன்னைப் பாக்காம நான் எறங்க மாட்டேன்டி!"

நான் எழுந்து சுவர்ப்பலகை விலகியிருந்த இடத்துக்குப் போனேன். கூப்பிட வாய் வரவில்லை. முகத்தை அங்கே வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

மூடியை ஆட்டிக்கொண்டே சுவரோரமாக வந்தவள் என்னைப் பார்த்தாள். பாதி வசவு அவள் வாயிலேயே நின்றுபோனது. நெமேசியா பேசாமல் நின்று நான் பார்த்ததில்லை. அந்த நேரம் எனக்குப் பயம் என்று ஒன்று வந்ததென்றால் அதைப் பார்த்துத்தான். என் முகம் எப்படி இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

"அவனா?" என்றாள், மெதுவாக.

தலையை ஆட்டினேன்.

"பூட்டினதும் அவனா?"

ஆட்டினேன்.

மூடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கழுத்திலிருந்து விசிலை இழுத்து வாயில் வைத்தாள். அவள் ஊதியதில் பக்கத்து வீட்டுக் கோழிகள் கூரை ஏறின. கீழேயிருந்து ஒரு விசில் பதில் சொன்னது, பிறகு இன்னொன்று, பிறகு மேடு முழுக்க. சமையலறையிலிருந்து அகப்பையோடு ஓடி வந்தவர்களும் உண்டு. யாரோ கடப்பாரை கொண்டுவந்து பூட்டை நெம்பினார்கள். சாத்துக்கா அக்கா என்னைப் பார்த்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "கறி போட்டேனே, அவனுக்குக் கறி போட்டேனே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் ஒக்தாவியோ வந்தபோது வாசல் முழுக்கப் பெண்கள் நின்றார்கள். ஒருத்தியும் நகரவில்லை.

"அது விழுந்துருச்சுக்கா. படியில தவறி விழுந்துருச்சு" என்றான் அதே பணிவோடு.

"விழுந்தவளை எதுக்குடா பூட்டின? எழுந்து ஓடிருவான்னா?" என்றாள் நெமேசியா. "விசிலக் குடு. அது எங்க சமையலறை விசில்."

அவன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு போனான். அவ்வளவு சுலபமாகப் போனானே என்று எனக்கு ஆத்திரம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவன் முதுகுச் சட்டையில் வேர்வை எங்கெங்கே நனைத்திருந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சமையலறைக்குப் பின்னால் மாவு மூட்டைகளுக்குப் பக்கத்தில் எனக்குப் பாய் போட்டார்கள். போலீஸ் நிலையம், மருத்துவர் சான்று, நீதிமன்றம் என்று ஒவ்வொரு இடத்திலும் நாளை வா, அங்கே போ என்றார்கள். சமையலுக்கு முறை வைப்பது போலவே என்னோடு வருவதற்கும் சாத்துக்கா அக்கா ஆள் முறை வைத்தாள், ஒரு நாளும் நான் தனியாகப் பஸ் ஏறவில்லை. "ஏன் கத்தலே" என்று கேட்ட அந்த அதிகாரியிடம் அன்றைய முறைக்காரி நெமேசியா, "அவ கத்தல சார், நான் கத்துறேன், எழுதுங்க" என்றாள். எழுதினான். கடைசியில் ஒக்தாவியோ மேட்டில் கால் வைக்கக் கூடாது என்று நீதிபதி உத்தரவு போட்டார்.

வெளியே வந்ததும் நெமேசியா என்னிடம், "மூடி விஷயம் வேற. அத நான் மறக்கல" என்றாள்.

எல்லோரும் நான் அழுவதற்காகக் காத்திருந்தார்கள். அழுதால் பாரம் இறங்கும் என்றார்கள். எனக்கும் ஆட்சேபம் இல்லை, வந்தால்தானே. உருளைக்கிழங்கு உரித்தேன். கத்தி விரலைக் கீறினால் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். உத்தரவு வந்த நாள் எல்லோரும் கட்டிப்பிடித்தார்கள், நானும் கையைத் தூக்கி அவர்கள் முதுகில் வைத்தேன்.

இதற்கிடையில் சட்டத்தை மாற்றினோம். குண்டானை யார் வேண்டுமானாலும் கொண்டு வரலாம். ஆனால் அந்த வீட்டுப் பெண்ணின் முகத்தை எங்களில் ஒருத்தி பார்க்காமல் அகப்பை இறங்காது.

புதுச் சட்டத்தில் முதலில் மாட்டியவன் தெல்ஃபின். மேட்டின் உச்சியில் இருக்கும் எர்மினியாவின் புருஷன், கொத்தனார். ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காதவன் என்று பேர். ஒரு காலையில் அவன் குண்டானோடு வந்து நின்று, "அவளுக்குக் காய்ச்சல்" என்றான்.

எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தோம். அவனுக்குப் புரிந்து முகம் சிவந்தது.

"நெசமாத்தான் காய்ச்சலு. என்னையுமா சந்தேகப்படுறீங்க?"

"சட்டம்னா எல்லாருக்குந்தான் தம்பி" என்றாள் சாத்துக்கா அக்கா. யாரை அனுப்பலாம் என்று சுற்றும் பார்த்தாள். நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

மேலே ஏறினேன். கதவில் பூட்டு இல்லை. உள்ளே ரேடியோ இல்லை. இருந்தாலும் ஓங்கித் தட்டினேன்.

"எர்மினியா, வெளிய வந்து மூஞ்சியக் காட்டுடி."

இருமல் கேட்டது. போர்வையைச் சுற்றிக்கொண்டு, மூக்கு ஒழுக வந்தாள். "காய்ச்சல்ல கிடக்குறவளை எழுப்புறீங்களே, இந்த மேட்டுல ஒருத்தி நிம்மதியா சளி புடிச்சுக் கிடக்க முடியுதா?"

நான் அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினேன். இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன். ஒரு கன்றல் இல்லை. கை சுட்டது. நல்ல காய்ச்சல், வெறும் காய்ச்சல். அவள் சூடு என் விரலில் தெரிந்தது. அப்போது எனக்கு அழுகை வந்தது. நின்ற இடத்தில் உட்கார்ந்து, மேடே கேட்கும்படி கத்தி அழுதேன்.

எர்மினியா பயந்து என் பக்கத்தில் குந்தினாள். போர்வை நுனியால் என் முகத்தைத் துடைத்தாள். "ஏய், எனக்குச் சளிதாண்டி, நான் சாகல. கேக்குதா? நான் நல்லாத்தான் இருக்கேன்."

"தெரியும்" என்றேன். எழுந்து கீழே போய், அவளுடைய குண்டானை நிரப்பச் சொன்னேன்.